தண்ணி குடிக்காத ஜாயிண்ட்

தண்ணீரையும் கரன்டையும் ஒரே குழிக்குள் இறக்கிவிட்டு, இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாமல் காலம் தள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் எங்கள் தொழில்.

போர்வெல் போட்டு, மோட்டார் இறக்கி, அது ஓடாமல் போய், அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்க்கக் குழாயை மேலே இழுத்த பாவப்பட்ட ஜென்மங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நானூறு அடி ஆழத்தில் தொங்கும் மோட்டாரிலிருந்து கொஞ்ச நீளத்துக்குத்தான் ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும். மேலேயிருந்து வரும் கேபிளை அதோடு இணைக்க வேண்டும். மூன்று கம்பி, மூன்று இணைப்பு. அதற்குப் பெயர் ஜாயிண்ட். ஆயுள் முழுக்க அது தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், ஆனால் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. போனால் 'ஜாயிண்ட் தண்ணி குடிச்சிருச்சு' என்போம். செம்பு பச்சை பூத்து, அரித்து, ஒரு நாள் பொசுங்கிவிடும். பிறகு நானூறு அடிக் குழாயையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்க வேண்டும். எடுத்து முடிக்கிற வரை வீட்டுக்காரர் பேசுவதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கணபதி என்கிற ஊரில் ஒரு பம்ப்செட் பட்டறையில் ஜாயிண்ட் போடுகிற ஆள். சுப்பிரமணி என்பது பெயர், பட்டறையில் மணி. முதலாளி பாலண்ணன். எங்களோடு மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர் காதர் பாய், உக்கடத்துக்காரர். கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு மோசம். என் மனைவி சாந்தி கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக்கூட டீச்சர். அவளும் இரண்டு வயது மகளும் அங்கே, நான் கணபதியில் ஒரு ரூமில். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்துப் போவேன். மகள் என்னை வாராவாரம் புதிதாகப் பார்த்துப் பயந்து அழுவாள். சாயங்காலம் கொஞ்சம் பழகி மடியில் வந்து உட்காரும்போது எனக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்து பட்டறை திறந்த அன்று, கோபியில் ஒரு கிளை போடப்போவதாகப் பாலண்ணன் சொன்னார். யார் பார்த்துக்கொள்வது என்று நான் எச்சில் விழுங்குவதைப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் நிபந்தனையைப் போட்டார். "இந்தப் பொங்கல்ல இருந்து அடுத்த பொங்கல் வரைக்கும் உன்ற ஜாயிண்டு ஒண்ணுகூடத் தண்ணி குடிக்கப்படாது. ஓட்டிக் காட்டு மணி, கோபிக் கடை உனக்கு." அந்த ஒரு வருஷத்தில் நான் பட்டதில் சிலவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் வாரமே

ஜாயிண்ட் மேல் மாட்டுகிற ரப்பர் குழலுக்கு ஸ்லீவ் என்று பெயர். கம்பிகளை முறுக்குவதற்கு முன்பே அதை ஒரு பக்கக் கம்பியில் கோத்துத் தள்ளி வைத்துவிட வேண்டும். முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்த பிறகு கோக்க வழியே கிடையாது. ஒரு முனையில் மோட்டார், மறு முனையில் நானூறு அடிக் கேபிள். இது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம்.

கடை கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் நான் அன்றைக்கு முறுக்கின முறுக்கு இருக்கிறதே, அப்படி ஒரு அழகு. செம்பை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, மூன்று ஜாயிண்ட்டையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் ஏற்ற இறக்கமாக வைத்து, ஈயத்தை வழிய விட்டு, தள்ளி நின்று ரசித்தேன். அப்போதுதான் மூன்று ஸ்லீவும் என் டிபன் பாக்ஸ் மூடிமேல் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்ப்பது தெரிந்தது. கேபிளின் அந்த முனையிலிருந்து கோத்துக்கொண்டே வந்தால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். புத்தி எந்த அளவுக்குக் கலங்கியிருந்தது என்று பாருங்கள். யாரும் பார்க்கும் முன் வெட்டி எறிந்துவிடலாம் என்று கட்டிங் பிளேயரை எடுத்தேன். பின்னால் காதர் பாய் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். "என்ன மணி, தாலி கட்டி முடிச்சுட்டு இப்பத்தான் பொண்ணு பாக்கப் போறியா?"

வாளிச் சோதனை

ஜாயிண்ட் போட்டு முடித்ததும் அதை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைப்போம். இரண்டு மணி நேரம் ஊறின பிறகு சோதித்துப் பார்ப்போம். தண்ணீர் புகுகிறதாக இருந்தால் அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும். குழிக்குள் போய்க் காட்டிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மரியாதை.

அன்னூர் பக்கம் ஒரு தோட்டம். முக்கி வைத்த நேரத்தில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கொங்கு நாட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்வதற்கு மூன்று தடவை சொல்ல வேண்டும், நான் ஒரு தடவைகூடச் சொல்கிறவனில்லை. அரிசியும் பருப்புஞ் சாதமும் நெய்யும் போட்டு நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்து பார்த்தேன். வாளிக்குப் பக்கத்தில் தோட்டக்காரரின் மச்சினன் குந்த வைத்து உட்கார்ந்திருந்தார். ஏதோ மில்லில் சூப்பர்வைசராம், எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாராம். அவர் கையில் சவர பிளேடு. மூன்று ஜாயிண்டும் முருங்கைக்காய் மாதிரி நீளவாக்கில் பிளந்து கிடந்தன. ரப்பர் டேப், மேலே சுற்றின பிளாஸ்டிக் டேப், எல்லாம் தோல் தோலாக உரிந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வாளியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன், நெய்ச்சோறுதான் தடுத்தது. அவர் முகத்திலோ அப்படி ஒரு திருப்தி. "உள்ள தண்ணி போயிருக்குதான்னு தொறந்து பாத்துப்போட்டேனுங்க. ஒரு சொட்டு இல்லீங்க. அருமையான ஜாயிண்டுங்க, இப்படியே எறக்கீரலாமுங்க!"

கைப்பிடி மின்சாரம்

ஊறின ஜாயிண்ட்டைச் சோதிக்கிற பெட்டிக்கு மெக்கர் என்று பெயர். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதை வேகமாகச் சுற்றினால் உள்ளே ஐந்நூறு வோல்ட் பிறக்கும். ஒரு ஒயரைக் கேபிளில் மாட்டி இன்னொன்றைத் தண்ணீரில் விட்டுச் சுற்றும்போது முள் அசையாமல் நின்றால் ஜாயிண்ட் பிழைத்தது. தொட்டால் ஆளைக் கொன்றுவிடாது, ஆனால் செத்துப்போன தாத்தா பெயரைச் சொல்லிக் கூப்பிட வைக்கும்.

சூலூரில் ஒரு வீடு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற குமாஸ்தா, கேள்வி கேட்காமல் இருக்க முடியாதவர். பிளக்கே இல்லாத பெட்டியில் கரன்ட் எங்கிருந்து வரும் என்று கேட்டார். சுற்றினால் வரும் என்றேன். சிரித்தார். தொடாதீர்கள் என்றேன். தொட்டார். நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் பின்னால் போய் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து ஓடி வந்தது, நான் கும்பிடாத சாமியில்லை. இவர் ஏடாகூடமாக எதையாவது சொல்லி, அது பாலண்ணன் காதுக்குப் போய், கோபிக் கடை கைநழுவப் போகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். மனிதர் கையை உதறிக்கொண்டே எழுந்து வந்து, பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பயமெல்லாம் பறந்து போய் முகத்தில் ஒரு பேராசை வந்திருந்தது. "ஏனுங்க தம்பி, கரன்ட் கட்டான நேரத்துல இதையே சுத்தி மோட்டார ஓட்டிப்போடலாமல்லங்க?"

உக்கடத்துப் பரிசல்

காதர் பாய் ஒரு நாள் பக்கத்துத் தெருக்காரர் செல்வராசை அழைத்து வந்தார். உக்கடம் குளத்தில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர். விடிவதற்கு முன்னால் வலை எடுக்கப் பரிசலில் ஒரு விளக்கு வைத்திருந்தார். பழைய ஸ்கூட்டர் பேட்டரி, இரண்டு கிளிப், ஒரு பல்பு. குளத்து ஈரத்தில் வாரத்துக்கு ஒரு தடவை கிளிப்பெல்லாம் பச்சைக் களிம்பு ஏறி விளக்கு செத்துவிடும். அரித்துப்போன நுனியை வெட்டிவிட்டு மறுபடியும் முறுக்குவார். இப்படி வெட்டி வெட்டியே ஒயர் குட்டையாகி, பல்பு இப்போது பேட்டரிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

நானூறு அடிக்கே ஜாயிண்ட் போடுகிறவனுக்கு நாலடிக் குளம் எம்மாத்திரம்? கிளிப்பைத் தூக்கிப் போட்டேன். புது ஒயர் விட்டு, பேட்டரியோடு நேராக ஈயம் வைத்து, ரப்பர் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் டேப், அதன்மேல் சைக்கிள் டியூப், அதன்மேல் நூல்கட்டு. குளமே வற்றினாலும் இது விடாது என்றேன். நாலாம் நாள் ஒரு டெம்போ பட்டறை வாசலில் வந்து நின்றது. உள்ளே முழுப் பரிசல். செல்வராசு பல்பைக் கம்பத்தில் கட்டி, என் ஒயரைப் பரிசலின் மூங்கில் பின்னலுக்குள்ளேயே கோத்து ஓட்டியிருந்தார். பேட்டரியை மட்டும் கழற்ற வழியில்லை. "ஜாயிண்டு அருமைங்க," என்றார் பாவம், "சார்ஜ் போடத்தானுங்க பரிசலோட போக வேண்டியிருக்குது."

காதர் பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைக் கையில் எடுத்தார். மறுபடியும் கிளிப். செம்பு தெரிகிற இடமெல்லாம் வாசலினைக் கொழகொழவென்று அப்பினார். ஒவ்வொரு கிளிப்புக்கும் வாய் கீழே பார்க்கிற மாதிரி ஒரு டியூப் குல்லாய். ஒயரில் விழுகிற தண்ணீர் கிளிப்புக்கு வராமல் நடுவிலேயே சொட்டட்டும் என்று ஒயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டார். கழற்றலாம், மாட்டலாம், வாரம் ஒரு தடவை தடவினால் போதும். பத்து நிமிஷ வேலை. என் வித்தையெல்லாம் அதில் கரைந்து போனது. ஒரு மாதம் கழித்து வந்த செல்வராசு விளக்கைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "பொண்டாட்டிதானுங்க சண்டைக்கு வாரா. அவ மூஞ்சிக்கு வாங்கித் தராத வாசலின, கிளிப்புக்கு வாங்கித் தாரேனாமா."

பச்சை

அவிநாசியில் ஒரு பருத்திக்காட்டுக்காரர். ஐப்பசி மழை சமயம். மூன்று வாரத்தில் மூன்று தடவை பட்டறைக்குப் போன் வந்தது. மோட்டார் ஓடவில்லை, ஜாயிண்ட்தான் போயிருக்கும், தூக்குங்கள் என்று. முதல் இரண்டு தடவை வேறு யாரோ போய் மேலே எதையோ சுரண்டி ஓட விட்டுவிட்டு வந்தார்கள். மூன்றாம் தடவை பாலண்ணன் பொறுமை இழந்து, குழாய் தூக்குகிற ஆட்களோடு என்னையே அனுப்பினார். வண்டியில் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பத்து மாதம் ஓட்டியாகிவிட்டது, இங்கே வந்து கவிழப் போகிறேனே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது உண்மை.

குழாய் தூக்குகிற முக்காலியை நட்டுச் சங்கிலி மாட்டுகிற வரை வந்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று மேலேயிருந்தே மெக்கர் வைத்துச் சுற்றினேன். முள் அசையவில்லை. கீழே எல்லாம் உயிரோடுதான் இருந்தது. மோட்டார் ரூமுக்குள் போய் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். கம்பி மாட்டியிருந்த டெர்மினல் எல்லாம் பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி பச்சைப் பசேல். குனிந்து பார்த்தால் பெட்டிக்குக் கீழே சுவரோடு ஒட்டி உர மூட்டைகள், மழை ஈரத்தில் கசிந்து தரையெல்லாம் நசநசவென்று. அந்த உப்புக் காற்றில் செம்பு என்ன, செம்பு விற்றவனே அரித்துப் போவான். எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். டெர்மினலையெல்லாம் தேய்த்துக் கிரீஸ் தடவி, மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி, உரம்தான் இப்படிப் பச்சை பூக்க வைத்தது என்று காரணத்தை விளக்கினேன். காட்டுக்காரர் ஸ்டார்ட்டர் பெட்டியையும், வெளியே வெளிறிக் கிடந்த தன் பருத்திச் செடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த உரம் போட்டு இந்த வருசம் பச்சை கட்டுனது உங்க கம்பி மட்டுந்தானுங்க."

சந்தனப் பொட்டு

மோட்டாரை இறக்கும் முன் பூசை போடுவது வழக்கம். மோட்டாருக்கு மாலை, சந்தனம், குங்குமம், சூடம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவன்தான்.

கார்த்திகை மாதம், துடியலூரில் ஒரு வீடு. மூன்று கம்பியையும் பற்றவைத்துவிட்டு, டேப் எடுக்க வண்டிப் பைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் வீட்டு அம்மணி தட்டோடு வந்து, மோட்டாருக்கு வைத்தது போக மிச்சத்தை, பளபளவென்று திறந்து கிடந்த என் மூன்று செம்பு முறுக்குகளுக்கும் அப்பிவிட்டது. சந்தனம், அதன் நடுவில் குங்குமம், பக்கத்தில் விபூதிப் பட்டை. போதாக்குறைக்கு ஆளுக்கு ஒரு கரண்டி பால். இதை அப்படியே டேப் சுற்றி இறக்கினால் உள்ளே அடைபட்ட ஈரத்தில் செம்பு ஒரே மாதத்தில் கரைந்துவிடும். பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். சாமிக்கு வைத்த பொட்டை அழிக்கலாமா என்று அந்த அம்மணி கையைப் பிடித்துக்கொண்டது. ஈரம் ஆகாதுங்க, டேப்புக்கு மேலே வையுங்க, உள்ளே மட்டும் வேண்டாம் என்று நான் கெஞ்ச, அது மறுக்க, கால் மணி நேரம் இழுபறி. கடைசியில் அழித்துத் துடைத்து, ஊதிக் காய வைத்து, டேப் சுற்றி முடித்தேன். அதற்கு மேல் பொட்டு வைக்கும்போதும் அந்த அம்மணிக்கு மனசு ஆறவேயில்லை. "ஏனுங்க, உள்ள வேல செய்யறது மோட்டாரு, நீங்க சாமிய மட்டும் வெளியவே நிறுத்திப்போட்டீங்களே!"

பொங்கலுக்கு ஒன்பது நாள்

போன் வந்தபோது நான்தான் எடுத்தேன். கோபிக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டம், நாச்சிமுத்து என்று பெயர். ஆறு மாதத்துக்கு முன் இறக்கிய மோட்டார், மூன்று நாளாக ஓடவில்லை. தார் விட்டிருக்கிற வாழை, தண்ணீர் இல்லாமல் காய்கிறது. பாலண்ணன் வண்டியை எடுக்கச் சொன்னார், தானும் ஏறிக்கொண்டார். சாந்தியின் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் வண்டி போனது. அந்தப் பக்கம் நான் தலையைத் திருப்பவில்லை.

மேலே வைத்துச் சோதித்ததுமே தெரிந்துவிட்டது, இந்தத் தடவை கோளாறு கீழேதான். குழாய் ஒவ்வொன்றாக மேலே வர வர, நாச்சிமுத்து என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரில் திட்டுவதும் மரியாதையோடுதான். "உங்களையெல்லாம் வாழை மரத்துல கட்டி வெச்சு ஒதைக்கோணுமுங்க" என்றார், "நீங்கெல்லாம் சோறு திங்கறவுங்களாங்க" என்றார். கடைசிக் குழாயும் மோட்டாரும் வெளியே வந்தன. மூன்று ஜாயிண்ட்டில் இரண்டு, போட்ட அன்று இருந்தது போலவே இருந்தன. மூன்றாவது ஊதி வெடித்து, பச்சைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாள். வெறும் ஒன்பது நாள். மகளை இன்னும் ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அழவைக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வெட்டி எடுப்பதற்காக அதைக் கையில் பிடித்தபோதுதான் கவனித்தேன். எனக்கு இடது கைப் பழக்கம். நான் டேப் சுற்றினால் எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பும், நல்ல இரண்டிலும் அப்படித்தான் இருந்தது. வெடித்ததில் டேப் வலப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. இறக்கிய அன்று பாலண்ணனும் கூட வந்திருந்தார். இரண்டு ஜாயிண்டை முடித்த நேரத்தில் போல்ட் குறைகிறதென்று என்னைக் கோபிக் கடைவீதிக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது மூன்றாவதை அவரே முடித்துவிட்டு, "நானும் ஒரு காலத்துல ஜாயிண்டு போட்டவந்தாண்டா" என்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். அவரும் டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் பேசுகிற தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். நாச்சிமுத்து என்னைத் திட்டுவதை நிறுத்தவில்லை, இவரும் நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கடித்து விழுங்கிக்கொண்டேன். புது ஜாயிண்ட் மூன்றையும் நானே போட்டேன், ஊற வைத்தேன், சோதித்தேன், இறக்கினேன். தண்ணீர் வாழைக்குப் பாய்ந்த பிறகுதான் நாச்சிமுத்து வாயை மூடினார். வெட்டி எடுத்த ஜாயிண்டைப் பாலண்ணன் கர்ச்சீப்பில் சுற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்புகிற வழியில் ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தி, இரண்டு டீயும் இரண்டு தேங்காய் பன்னும் வாங்கி வந்தார். பத்து வருஷத்தில் அவர் கையால் எனக்கு டீ எடுத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ரோட்டைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "கோபிக் கடை உனக்குத்தான் கண்ணு, தை பொறந்ததும் தொறந்துபோடலாம். ஆனா அந்த ஜாயிண்டு உன்ற ஜாயிண்டு. மொதலாளி போட்டதே தண்ணி குடிச்சுதுன்னு தெரிஞ்சா, அப்பறம் எவன் நம்ம கடப்பக்கம் வருவான்? தப்புப் பண்ணுன ஆளுக்கும் கடையக் குடுத்தான் பாருன்னு எனக்கும் ஒரு நல்ல பேரு இருந்துட்டுப் போகட்டும்."

ஆக, நான் கையே வைக்காத ஒரு ஜாயிண்ட் என் பேரில் தண்ணி குடித்த புண்ணியத்தில், பாலண்ணனுக்குப் பெரிய மனசுக்காரர் என்ற பட்டமும், எனக்கு ஒரு கடையும் கிடைத்தன, என் மகளுக்கு வாரத்தில் ஏழு நாளும் ஒரு அப்பன் கிடைத்தான்.